இரகசியப் பை

புக்கிட் செனாய் கோயில் அறப்பணிச் சபைக்குச் சொத்து மூன்று:
சாவி தொலைந்த இரும்பு அலமாரி,
பன்னிரண்டு கூட்டக் குறிப்பேடுகள்,
ஊதாத் துணியில் தைத்த ஒரு பை.

செயலாளர் வேலையை யாரும் கேட்கவில்லை, என்னிடம் வந்தது.
முதல் ஏட்டில் கறையான்
ஆண்டைத் தின்றுவிட்டுக் கிழமையை விட்டுவைத்திருக்கிறது.
வியாழன். மாலை ஆறரை. வந்தவர் ஏழு பேர்.
செபம் சொன்னவர் பிரெஞ்சுச் சாமியார்.
அவர் தமிழில் 'ழ' வந்ததாம், 'ர' கடைசிவரை வரவில்லையாம்.
இதையும் எழுதி வைத்திருக்கிறார் சவரிராயன்.

மூன்றாம் லயம், எட்டாம் கதவு:
கணவன் காசநோய் வார்டில். பெண் குழந்தை பிறந்து நான்கு நாள்.
அரிசி, கருவாடு, பழைய வேட்டி ஒன்று கிழித்துக் கொடுக்கப்பட்டது.
ஐந்தாம் லயம்: உதவி வேண்டாம் என்றாள்.
அரிசியைக் கோழிக்கூண்டில் வைத்துவிட்டு வந்தோம்.

எந்த மதம் என்று எங்கும் எழுதவில்லை.
ஆடி மாதத்தில் மட்டும் ஒரு வரி:
எட்டாம் கதவில் கூழ் கொடுத்தார்கள், குடித்தோம்.

ஒவ்வொரு கூட்டமும் பையில் முடியும்.
மூடிய கை உள்ளே போகும், மூடிய கையே வெளியே வரும்.
கிராணி எவ்வளவு போட்டார்,
பால் வெட்டுகிற சந்தியாகு எவ்வளவு போட்டார்,
பைக்குத் தெரியும்.
பைக்கு வாய் உண்டு, நாக்கு இல்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற வருடம்.
பெரட்டில் கூப்பிடப் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன.
ஏட்டில் மை தண்ணீராகிறது.
இரகசியப் பை: ஒரு வெள்ளி.
இரகசியப் பை: முப்பது காசு.
பிறகு ஒரு வியாழன்,
போன வார மீதி இரண்டு வெள்ளியோடு புறப்பட்ட பை
ஏழு பேரைச் சுற்றிவிட்டு
ஒரு வெள்ளி இருபதோடு திரும்பியிருக்கிறது.

கீழே சவரிராயன்:
"எண்ணியதில் பிழை. பிழை என்னுடையது."

அடுத்த வாரமும் பிழை.
அதற்கடுத்த வாரமும்.
பத்தொன்பது வருடம் தோட்டத்து ஆபீசில்
பால் நிறுத்து எழுதிய மனிதர்,
ஒரு ராத்தல் பிசகாதவர்,
ஐந்து வியாழன் தொடர்ந்து
எண்ணத் தெரியாதவராக இருந்திருக்கிறார்.

ஆறாவது வாரத் தீர்மானம்:
இனிப் பையில் முன்கூட்டியே ஐந்து வெள்ளி போட்டுச் சுற்றில் விடுவது.
முன்மொழிந்தவர் பெயர் இல்லை. ஏகமனதாக.
அந்த வாரம் வீட்டுச் சந்திப்பு:
"இல்லை. எல்லாரும் இங்கேதான் வந்திருந்தார்கள்."

நான் இதைப் படிப்பது பதிவு இலாகாவின் பிளாஸ்டிக் நாற்காலியில்.
கூப்பிடும் எண் 2041. எங்கள் சீட்டு 2077.
பக்கத்தில் செங்கம்மா,
கையில் சிவப்பு அட்டை.
பிறந்த தோட்டம் செம்பனையாகிவிட்டது,
பேர் சொன்ன மருத்துவச்சி போய்விட்டாள்,
ஆஸ்பத்திரி ஏடு வெள்ளத்தில் போனது.
இந்த மண்ணில்தான் பிறந்தாள் என்பதற்கு மிச்சம்
கிழிந்த வேட்டி பற்றிய அந்த ஒரு வரி.

கவுண்டரில் இருந்த பெண் ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தமிழ் தெரியாது. எட்டு என்ற எண் தெரிந்தது.
இது பத்திரம் ஆகாது என்றாள்.
பிறகு எழுந்து போய்
அந்தப் பக்கத்தை மூன்று பிரதி எடுத்து வந்தாள்.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
மறுபடி வரச் சொல்லி ஒரு தேதி.

வெளியே வந்து ரொட்டி சானாய் பசியாறினோம்.
யாருடைய வேட்டியோ என்றாள் செங்கம்மா.
எழுதவில்லை என்றேன்.

வியாழன். இப்போது நாங்கள் நான்கு பேர்.
பையின் அடி பிரிந்திருந்தது, கறுப்பு நூலால் தைத்தேன்.
ஐந்து வெள்ளி போட்டுச் சுற்றில் விட்டோம்.
எண்ணி எழுதினேன்.
தொகையை இங்கே சொல்ல மாட்டேன்.
பிழை என்னுடையது.