துவாஸ், மைனஸ் முப்பது

பனியே பெய்யாத ஊரில்
பனிவண்டிக்குப் பிரேதப் பரிசோதனை செய்கிறேன்.
சிரிக்கலாம். சம்பளம் இருபத்தைந்தாம் தேதி வந்துவிடுகிறது.

துவாஸ் தெற்கில், மூன்றாம் மாடியில் இறங்கும் பெட்டிகள்:
பின்லாந்து, யூகான், ஹொக்கைடோ.
வண்டி செய்த கம்பெனி கைகழுவியவை,
வாங்கியவர் ஆசைப்பட்டுப் பிறகு பூட்டியவை.
இடப்பக்க அடுக்கில் சூப்பர்சார்ஜர்,
வலப்பக்கம் டர்போ.
ஏன் செத்தது என்று ஒரே ஒரு வரி.
அதற்கு மேல் எழுதக் கட்டத்தில் இடமில்லை.

ஹாஃபிஸ் சூப்பர்சார்ஜர் கட்சி.
"பெல்ட் இழுக்குது, சுத்துது, அவ்வளவுதான் லா.
அறுந்தா அறுந்த சத்தம் கேக்கும்.
சீட்டுக்கடியில் இன்னொரு பெல்ட் இருந்தா
வீட்டுக்குப் போயிடலாம்."
உண்மைதான்.
ஆனால் அது எஞ்சினிடம் வாங்கித்தான்
எஞ்சினுக்கே கொடுக்கும்;
தவணை தவறாது,
சும்மா நிற்கும்போதும் பிடித்துக்கொள்ளும்.

நான் எந்தக் கட்சி என்று கேட்பான்.
டர்போ வெளியே போகிற புகையில் பிழைப்பது.
ஏற ஏறக் காற்று மெலிந்தாலும்
தாக்குப்பிடிப்பது.
மிதித்தால் ஒரு மூச்சு யோசிக்கும்,
பிறகு தூக்கி எறியும்.
நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றுகிற தண்டு
முடியைவிட மெல்லிய எண்ணெயில் மிதக்கிறது.
அதன் சாவு சத்தம் போடாது.
கட்டைவிரலால் தண்டை அசைத்துப் பார்க்க வேண்டும்,
ஆடும் பல்லைப் பார்ப்பதுபோல.

குளிர் அறைக்குள் மைனஸ் முப்பது.
இரவல் ஜாக்கெட்டில் யாரோ ஒருவரின் மிட்டாய்க் காகிதம்.
வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடும்.
அந்த அரை நிமிடம்தான்
எனக்குத் தெரிந்த பனி.

இந்த வருடம் எண்பத்தேழு பெட்டிகள்.
கணக்குப் போட்டோம், கட்சி இரண்டும் தோற்றது.
கொன்றவை பெரும்பாலும் வேறு:
இறுக்காத ஒரு கிளாம்ப்,
நூலளவு கோணிய பெல்ட் சக்கரம்,
எண்ணெய் திரும்பும் குழாயை
மேல்நோக்கி வளைத்த யாரோ ஒருவரின் அவசரம்.
ஹாஃபிஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டு,
"மங்கை, 'மனுஷன்'னு ஒரு கட்டம் போடச் சொல்லு" என்றான்.

அப்புறம் நேற்று வந்த டர்போ.
ஐமோ கெட்டுனென், இனாரி.
கிளாம்ப் சரி. குழாய் சரி.
திறந்தால் பேரிங் முழுக்கக் கரி,
அடிப்பிடித்த பால் சட்டிபோல.
கொதிக்கக் கொதிக்க அணைத்தால் இப்படித்தான் ஆகும்;
நின்ற எண்ணெய் நின்ற இடத்திலேயே தீயும்.
இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு,
ஆறவிட்டு அணைக்க வேண்டும்.
கையேட்டில் பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

பெட்டிக்குள் அவர் கைப்பட ஒரு சீட்டு.
மொழிபெயர்ப்புச் செயலி தடுமாறித் தடுமாறிச் சொன்னது:
"ஞாயிறுதோறும் அந்தச் சரிவை ஒரே மூச்சில் ஏறுவேன்.
உச்சியில் உடனே அணைத்துவிடுவேன்.
அங்கே ஒன்றுமே கேட்காது.
அதைக் கேட்கத்தான் ஏறுவது."

"சூப்பர்சார்ஜர்னா அணைச்சிருக்கலாம்,"
என்றான் ஹாஃபிஸ், மெதுவாக.
முதல்முறையாக
ஜெயித்த குரலில் சொல்லவில்லை.

பயனர் தவறு என்ற கட்டம் இருக்கிறது.
பேனா அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது.
குளிர்சாதனம், கம்ப்ரெஸர், கீழே ஃபோர்க்லிஃப்ட்டின் பீப் பீப்;
இந்தத் தீவில் ஒன்றுமே கேட்காத இடம்
எங்கே இருக்கிறது என்று யோசித்தேன்.
பிறகு டிக் போட்டேன். தவறு தவறுதான்.
சீட்டை மட்டும் கோப்பில் சேர்க்கவில்லை.

பன்னிரண்டு மணிநேரம் முடிந்து நிறுத்தத்துக்கு வந்தால்
182 கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது.
இடம் காலி. ஓட்டுநர் பார்க்கிறார்.
கையசைத்துப் போகச் சொன்னேன்.

அடுத்தது பதினான்கு நிமிடம் என்றது பலகை.
உட்கார்ந்திருந்தேன்.
மழை வரப்போகிற காற்றில்
பிடரி மெல்ல ஆறியது.