நாற்பத்தாறு, ஐம்பத்து நான்கு

கையில் ஊசி. "அசையாதீங்க, அரைமணி நேரம்"
என்றாள் தஞ்சாவூர் ஸ்கேன் அறைப் பெண்.
முதுகுக்குக் கீழே கேமரா
சத்தமில்லாமல் எண்ணத் தொடங்கியது.

எனக்கும் அதுதான் வேலை.
தென்பெரம்பூரில் ஷட்டரை ஏற்றி இறக்கி
வெண்ணாற்றில் இவ்வளவு, வெட்டாற்றில் இவ்வளவு என்று
காலை ஆறு, மாலை ஆறு
பதிவேட்டில் எழுதுவது.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும்
உடம்புக்குள் ஒரு தலைப்பு இருக்குமென்று
தோன்றியதில்லை.

திரையில் இரண்டு கோடுகள்
விறுவிறுவென ஏறின, சற்று நின்றன,
வடிந்தன.
இடது நாற்பத்தாறு. வலது ஐம்பத்து நான்கு.

"இடதை எடுப்போம். நல்லது உங்களுக்கே"
என்றார் டாக்டர்,
மேலிருந்து வந்த உத்தரவைப் படிப்பதுபோல.

வெளியே பெஞ்சில்
வீங்கிய காலை நீட்டியிருந்தாள் தங்கை தையல்நாயகி.
நாளுக்கு அரை லிட்டர்தான் அவளுக்கு;
டம்ளரில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.
"எவ்வளவு வந்துச்சுண்ணே?"
கடைமடைக்காரர்கள் போனில் கேட்கும் அதே குரல்.

"சரிபாதி" என்றேன்.
பதிவேட்டில் ஒருமுறையும்
பொய் எழுதியவனில்லை நான்.

நிறையத் தண்ணீர் குடித்துக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள்.
மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நின்று
முழு பாட்டிலையும் குடித்தேன்,
திருடனைப் போல.