அருகிலுள்ள அடையாளம்

ஒரு வீட்டுக்கு ஆறு படம்.
முகப்பு, இடம், வலம், உள்ளே விட்டால் பின்புறம்,
வாசலில் நின்று தெரு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஆள் வரக்கூடாது.
நாய் வந்தால் பரவாயில்லை என்று யாரும் சொல்லவில்லை,
ஆனாலும் கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
நாய் இல்லாமல் ஒரு தெருவை
எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

வங்கிக்கு வீட்டின் விலை சொல்லும்
எத்திராஜ் சாரிடம் ஆறு வருடமாக வேலை.
அவர் காரில் உட்கார்ந்து சதுர அடி போடுவார்.
நான் இறங்கிப் படம் எடுப்பேன்.

வருகிறோம் என்று போன் போட்டால் போதும்,
செருப்பெல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.
ஒருமுறை லண்டன்பேட்டையில்
சுவர் விரிசலின் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள்.
வெளிச்சுவரில்.
கொளுத்துகிற வெயிலில்
போன வருடத்துக் காலண்டர்.
எடுத்தேன்.
சார் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கூப்பிடாமலே வந்து நிற்பது
சையத் பாஷா மலை.
சின்டெக்ஸ் தொட்டிக்கும் கேபிள் வயருக்கும் நடுவே
ஒரு கறுத்த தோள்.
கல்யாண போட்டோவில் எட்டிப் பார்க்கும்
யாரோ ஒரு மாமாவைப் போல
எல்லார் வீட்டுக் கடனிலும் அது இருக்கிறது.

படிவத்தின் கடைசிக் கட்டம்: அருகிலுள்ள அடையாளம்.
அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சுதந்திரம்.
தண்ணி டேங்க் பின்புறம்.
மாங்கூழ் பேக்டரி பழைய கேட்.
சுபேதா டெய்லர் எதிரில்.
சுபேதா பெங்களூருக்குப் போய் மூன்று வருடம்,
அங்கே இப்போது ஆம்லெட் கடை,
ஆட்டோ என்னவோ இன்னும்
சுபேதா டெய்லரில்தான் நிற்கிறது.

ஒரு தெருவில் மட்டும் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.
கோயில் கிடையாது, மசூதி இரண்டு திருப்பம் தள்ளி,
டிரான்ஸ்பார்மர்கூட அடுத்த தெருவில்.
இருந்தது ஒரு பச்சை கேட்.
கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை.
"லாரிக்கு அடிச்சது போக மீந்த பெயின்ட்டு" என்று
முனிரத்தினம்மாவே சொல்லிச் சிரித்தார்.
அப்புறம் என்ன,
எதிர்வீட்டுக் கடனுக்கு 'பச்சை கேட் வீட்டுக்கு எதிரில்'.
பக்கத்து வீட்டு மாடிக்கு 'பச்சை கேட்டை ஒட்டி'.
மூலை மனைக்கு 'பச்சை கேட்டிலிருந்து நான்காவது'.
இப்படி ஒன்பது ஃபைல்.

நேற்று வந்த கவரில் பத்தாவது.
பச்சை கேட்டே.
கடனுக்கு அல்ல, ஏலத்துக்கு.

அதே ஆறு படம்.
கறிவேப்பிலை மதிலைத் தாண்டியிருந்தது.
லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை,
அதன் மேல் யாரோ விளையாடிய பாண்டிக் கட்டம்.
கேட்டில் ஒட்டிய நோட்டீஸின் கீழ்முனை
பசை பிடிக்காமல் படபடத்தது.
முனிரத்தினம்மா கொடியிலிருந்து
துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ துணி தொங்குதுன்னு
மறுபடி வந்து எடுத்துட்டுப் போன இல்ல கண்ணு,
அதான். ரெண்டு நிமிசம் இரு."

இருக்கட்டும் என்றேன்.
காதில் விழாத மாதிரி
ஒவ்வொரு கிளிப்பாய்க் கழற்றி
ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு
படத்துக்கு வெளியே போய் நின்றார்.
எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று
நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.
எதிர்வீட்டைப் பார்த்தேன். அதற்கு அடையாளம் இது.
பக்கத்து வீட்டைப் பார்த்தேன். அதற்கும் இதுதான்.
சார் ஹாரன் அடித்தார்.

'மலை அடிவாரம்' என்று எழுதினேன்.

"ஊரே மலை அடியிலதாம்மா இருக்கு"
என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தவர்
ஏனோ அதை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது படத்தில் இடது ஓரமாக
நீர் சொட்டும் ஒரு துண்டின் முனை விழுந்திருக்கிறது.
பக்கத்திலேயே நாய்.
கொஞ்சம் வெட்டினால் இரண்டும் போய்விடும்.
அப்படியே அனுப்பியிருக்கிறேன்.