நிற்கும் பாரம்

திரையில் பாரம் என்பது
ஒரே உயரத்துக்கு வெட்டிய நீல அம்புகள்.
சீப்பின் பற்கள் மாதிரி
உத்தரத்தின் தலைமேல் வரிசையாக இறங்கும்.
மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று ஓர் எண்,
ஒரு சொடுக்கு.
கோடு லேசாகத் தொய்ந்து காட்டும்.
பச்சை.
தென்காசி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
இந்தப் பாலத்தை மூன்று முறை பாஸ் போட்டவள் நான்.

புளியரையில், சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்,
ஓடையைத் தாண்டிக் கிடக்கிறது அது.
பதினான்கு மீட்டர். நான்கு உத்தரங்கள்.
ஆடிச் சாரல், இரவு ஒன்றே கால்.
புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் எம்-சாண்ட் போகிறது,
போகவில்லை, நிற்கிறது,
ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்து.

என் கணக்கில் இவை ஓடிக்கொண்டிருந்தன,
நடுவில் மரியாதையான இடைவெளி விட்டு.

இங்கே முன்லாரியின் பின்சக்கரங்கள் எட்டும்
பின்லாரியின் முன்சக்கரங்கள் இரண்டும்
ஒரே நேரத்தில் பாலத்தின் இடுப்பில்.
பில்லில் பதினாறு டன்.
அது கிரஷரில் மணல் காய்ந்து கிடந்தபோது எழுதியது.
கிழிந்த தார்ப்பாய் வழியாக
செங்கோட்டையிலிருந்தே மழையைக் குடித்து வருகிறது மணல்.
குடித்தது போக மிச்சம்
டெயில்கேட்டிலிருந்து சொட்டுகிறது.
சொட்டும் தண்ணீருக்கு எந்த வகைப் பாரம் என்று பெயர்?

குந்தி உட்கார்ந்து
ஒரு டயர் தரையைத் தொடும் இடத்தைச் சாக்பீஸால் சுற்றினேன்.
டிபன் தட்டு அளவுதான்.
நான் பதினான்கு மீட்டருக்கும் தடவிவிட்டது
இந்தத் தட்டுகளில்தான் நிற்கிறது.

அதுவும் தெற்கு ஓரத்தில் மட்டும்.
வடக்குப் பாதி காலியாகத் திரும்பும் வண்டிகளுக்கு.
நால்வரும் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள் என்று
நம்பியிருந்தேன், கூட்டுக்குடும்பத்துக்கு வரன் பார்ப்பவர் மாதிரி.
ஓரத்து உத்தரம் ஒற்றையாகச் சுமக்கிறது.

பாலத்துக்கு அடியில், முழங்கால் தண்ணீரில்
டார்ச்சோடு திரவியம்.
டயல் கேஜின் முள் பார்த்துக் கத்துகிறார்:
"ஆறு... ஆறு புள்ளி எட்டு, மேடம்!"
என் திரை சொன்னது நாலு புள்ளி ஒன்று.

கேபினிலிருந்து தலையை நீட்டினார் ஓட்டுநர்.
சுனோஜ், ஊர் அஞ்சல்.
"எந்தா மேடம், பாலத்துக்குப் பனியா?"
பனி என்றால் அவர் ஊரில் காய்ச்சல்.
எங்கள் ஊர்ப் பனி மார்கழியில் புல்லோடு போய்விடும்.
ஆமாம், லேசாக, என்றேன்.
"மருந்து?"
நீங்கள் கொஞ்சம் முன்னால் போய் நின்றால் போதும்.
சிரித்துவிட்டு ஹேண்ட்பிரேக்கைக் காட்டினார்.

இரண்டே முக்காலுக்குக் கட்டை உயர்ந்தது.
எல்லா பிரேக்கும் ஒரே மூச்சில் சீறி விட்டன.
முள் திரும்பி வந்தது,
பூச்சியத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.
கேஜ் வழுக்கியிருக்கலாம் என்றார் திரவியம்.
இருக்கலாம் என்றுதான் நானும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் நீல அம்புகளை அழித்தேன்.
சக்கரம் சக்கரமாக வைத்தேன், தெற்கே தள்ளி,
ஈர எடையோடு.
பாரத்துக்குப் பெயர் கேட்டது மென்பொருள்.
ஒன்று, இரண்டு என்று அது கொடுப்பதை நீக்கிவிட்டு
'செவ்வாய், சாரல், கட்டை இறங்கியிருக்கிறது' என்று அடித்தேன்.
சிவப்பு.

அறிக்கையில் இரும்பும் கேட்கவில்லை, காங்கிரீட்டும் கேட்கவில்லை.
அந்தக் கட்டையை ஐம்பது மீட்டர் மேற்கே நட்டால்
வரிசை பாலத்தில் நிற்காது, மண்ணில் நிற்கும்.
அவ்வளவுதான்.
பதில் மூன்றே வாரத்தில் வந்தது:
சாவடி நமது துறை அல்ல.

சுனோஜ் லோடை இறக்கிவிட்டு
எத்தனையோ முறை வடக்கு ஓரமாகத் திரும்பியிருப்பார்.
என் கோப்பில் மட்டும் அவர் இன்னும் தெற்கே,
மூன்றாவது தட்டில், மழையோடு,
ஹேண்ட்பிரேக் போட்டபடி.