புறமுதுகு

ஐந்தாம் தடம் திரும்பும் சுவரருகே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அது என்னுடையது.
வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய்,
ஈரத்தில் வழுக்காத செருப்பு.
வார நாளில் சோல்னோக் ரயில் பட்டறையில்
கணக்கெழுதுவேன்.
ஞாயிறுகளில், தப்பு கண்டால்,
கை தூக்குவேன்.

எமோகேயை எனக்கு
உச்சந்தலையாகத்தான் தெரியும்.
மற்றவர்கள் முகத்தோடு வருவார்கள்,
வாயைப் பிளந்துகொண்டு.
இவள் மல்லாந்து வருவாள்.
முதலில் சிவப்புத் தொப்பியின் மடிப்பு,
பிறகு நெற்றி,
பிறகு கூரையைப் பார்க்கும் கறுப்புக் கண்ணாடி.

முதல் போட்டியில் பதினொரு வயது.
தலைக்கு மேலே கொடி தாண்டியதும்
நாலு வீச்சு எண்ணவேண்டும். மறந்துவிட்டாள்.
யாரோ கதவு தட்டியது போலொரு சத்தம்.
தொப்பிக்கடியில் ரத்தம் வடிய
என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
"தொட்டது தலைதான். செல்லுமா?"
செல்லும் என்றேன்.
விதியில் இடமிருக்கிறது.

புறமுதுகு காட்டுவது
தோற்றவன் வேலை என்பார்கள்.
போகும் திசைக்கு ஒருநாளும் முகம் கொடுக்காமலே
இவள் எல்லாச் சுவரையும் பிடித்தாள்.
விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறாயே என்று
பிள்ளைகளைத் திட்டாத வீடு உண்டா?
இவளுக்கு அதுவே பிழைப்பு.
தெப்ரெட்செனை மரச்சட்டமாகத் தெரியும்,
ரோட்டர்டாமை ஒழுகும் ஒரு மூலையாக,
பெர்லினை இருபத்திரண்டு விளக்கு வரிசையாக.
ரோமில் கூரையே இல்லை.
மேகம் நகர்ந்தது,
இவளும் அதனோடு நகர்ந்துபோய்
தடக்கயிற்றில் தோளைக் கிழித்துக்கொண்டாள்.

இருநூறு மீட்டரில் ஐரோப்பியத் தங்கம்.
பட்டறைக் கேன்டீனில்
முட்டைக்கோஸ் சூப் ஆறிப்போக, எல்லோரும்
தொலைக்காட்சி முன்னால்.
மேடையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.
யாரிது, என்றேன். சிரித்தார்கள்.
அந்த முகத்தை நான்
நேராகப் பார்த்ததே இல்லை.

உலக சாதனை எட்டு மாதம் அவளிடம் இருந்தது.
நொடியில் நூறில் மூன்று பங்கு.
ஒரு டச்சுக்காரி அதை எடுத்துக்கொண்டு போனாள்.
பிறகு தோள். பிறகு கத்தி.
பிறகு மற்றத் தோள்.
செய்தித்தாளில் அவள் பெயர்
வானிலைக்கும் சதுரங்கப் புதிருக்கும்
நடுவே இறங்கியது.

இருபத்தொன்பது வயதில் திரும்பி வந்தாள்.
அதே குளம், தேசியப் போட்டி, ஐந்தாம் தடம்.
நூற்றைம்பதாம் மீட்டரை நெருங்கும்போது
முன்னால் இருந்தாள், ஒரு உடல் நீளம்.
கொடி தாண்டினாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மூன்றிலேயே புரண்டுவிட்டாள்.
குப்புறக் கிடந்து, கை நீட்டி,
சுவர் வந்துவிடும் என்று
காத்திருந்தாள்.
ஒரு மூச்சு நேரம் இருக்கும்.
பழைய தோளாயிருந்தால் எட்டியிருக்கும்.

அரங்கம் எழுந்து நின்று கத்துகிறது.
கைதூக்கி விடுவதென்றால்
விழுந்தவரை எழுப்புவது.
நான் தூக்கியது
வேறு.

பலகையில் அவள் பெயர் முதலாவதாக வந்தது,
பிறகு இல்லை.
மறுமுனையிலிருந்து ஈரக்காலோடு
ஐம்பது மீட்டரும் நடந்து வந்தாள்.
"எத்தனை வீச்சு?"
"மூன்று."
"நான் நாலு எண்ணினேனே."
சண்டைக்கு அல்ல. வழி கேட்பவள் போல.
அவள் போன பிறகும் காலடிகள்
காய்ந்துகொண்டிருந்தன,
விரல்கள் முதலில்.

அவள் அப்பா சலோன்தாய்
எங்கள் பட்டறையில்தான் லேத் ஓட்டுகிறார்.
மூன்று வாரம் என் மேசைப் பக்கம் வரவில்லை.
நாலாம் வாரம்
உப்பு கேட்டார்.

போன பிப்ரவரி, புடாபெஸ்ட்.
சுரங்க ரயிலுக்கு இறங்கும் நீண்ட நகரும் படி.
எனக்குக் கீழே ஏழெட்டுப் படி தள்ளி
ஒரு உச்சந்தலை. தொப்பி இல்லை.
வகிடு ஓரிடத்தில் வளைந்து
ஒரு பழைய தழும்பைச் சுற்றிப் போயிற்று.
கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்ல.
அவள் அண்ணாந்து
சாய்ந்திறங்கும் கூரையைப் பார்த்தபடி போனாள்.
படி முடியும் இடத்தில்
குனிந்து பார்க்காமலே
சரியாகக் காலெடுத்து வைத்தாள்.

என் கை இரண்டும்
கோட்டுப் பைக்குள் இருந்தன.