பக்கிக்கு இரண்டு விளக்கு

பக்கி என்றால் இங்கே வசவு இல்லை.
பின்பக்கம் திறந்த வண்டிக்குப் பெயர்.
என் வண்டியின் பின்பக்கத்தில்
கன்று இழுக்கும் சங்கிலி, கால்சியப் புட்டிகள்,
தோள் வரை ஏறும் கையுறை ஒரு பெட்டி.
முன்பக்கத்தில் இரண்டு கண்.
வலக்கண்ணில் புரை விழுந்து நாளாகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், பழைய கிரேடவுன் சாலை.
சனிக்கிழமை, கடை மூட ஒரு மணி நேரம்.
படையாச்சி கல்லாமேல் விளக்குகளைப் பரப்புகிறார்,
சீர்வரிசைத் தட்டு வைப்பதுபோல்.
"டாக்டர், இது ஒரு கிலோமீட்டர் அடிக்கும்.
இது அதற்கும் மேலே."
அட்டைப்பெட்டியில் லூமென் கணக்கு
தேர்தல் வாக்குறுதி மாதிரி
சுழியம் சுழியமாக ஓடுகிறது.

ஒரு கிலோமீட்டர் தள்ளி எனக்கென்ன வேலை?
புல்வர் தாண்டினால் மண்சாலை
நூறடி நேராகக் கிடக்காது.
வளைவில், ஈட்டிபோல் போகிற ஒளி
பள்ளத்தாக்கின் மேல் வெறுங்காற்றைக் குத்திக்கொண்டு நிற்கும்.
சக்கரம் இருட்டுக்குள் திரும்பும்.

"அப்போது அகலம்தான்" என்று
கூரையில் வைக்கும் நீளப் பட்டையை நகர்த்துகிறார்.
அண்ணன் லோகேந்திரன் அப்படி ஒன்றை மாட்டினான்.
மூடுபனியில் போட்டதும்
பானட்டும் பனியும் சேர்ந்து வெள்ளைச் சுவர் எழுப்பின.
தானே கட்டிய சுவரில் தானே முட்டினான்.
வீட்டில் சொன்னது: மான்.
முட்டியது: வேலிக்கம்பம்.

பட்டறையிலிருந்து நொம்வூலா வருகிறாள்,
கம்பி பொருத்துகிறவள், உதட்டிடுக்கில் இரண்டு திருகாணி.
"மஞ்சள் எடு. தாழ வை. பம்பர் மட்டத்துக்கு."
விலை மலிந்த ஒன்றின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து,
"ஆறு மாதத்தில் தண்ணீர் ஏறும். மீன் வளர்க்கலாம்."
படையாச்சி இருமுகிறார்.

இவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

ஜூன் மாத இரவு. தலையீற்றுப் பசு,
கன்று குறுக்கே கிடக்கிறது என்று அழைப்பு.
இரவல் வண்டி, பெரிய விளக்கு.
வெகுதொலைவிலேயே மாட்டுக் கண்கள்
பச்சைப் பச்சையாய்ப் பதில் சொல்லின.
ஆட்டுக்கண் சொல்லும், நரிக்கண் சொல்லும்;
விழித்திரைக்குப் பின்னால் அவற்றுக்கொரு பளபளப்புப் படலம்,
கல்லூரியில் இரண்டாம் வருடப் பாடம்.
மனிதக் கண்ணுக்கு அது கிடையாது.

சாம்பல்நிறப் போர்வையில் நடந்து வந்தவர்
வெளிச்சத்துக்கு நடுவிலேயே
கொஞ்ச நேரம் யாருமில்லாமல் இருந்தார்.
பிறகு ஒரு கை எழுந்தது,
கண்ணை மறைக்க.
அணைக்கத் தேடினேன்.
சுவிட்ச் முழங்காலுக்குக் கீழே எங்கேயோ.
வைப்பர் ஓடியது. ஹார்ன் கத்தியது.
அவர் ஓரத்தைக் காலால் துழாவி
ஓடைக்குள் ஒரு பாதம் வைத்தார்.

நிறுத்தி, எனக்குத் தெரிந்த ஜூலுவில் மன்னிப்புக் கேட்டேன்.
கண்ணைக் கசக்கியபடியே,
"மாட்டு டாக்டரா? போ போ, சீக்கிரம்" என்றார்.
கன்று பிழைத்தது.
அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

"முதலில் சுவிட்சைக் காட்டு" என்கிறேன்.

படையாச்சிக்குப் புரியவில்லை,
சுவிட்ச் இலவசம்தானே என்கிறார்.
நொம்வூலா என்னை வண்டியில் உட்காரவைத்து
கண்ணை மூடச் சொல்கிறாள்.
"பயந்தால் இடதுகை எங்கே போகும்?"
போன இடத்தில்
கட்டைவிரல் பதிந்த மட்டத்தில்
சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.

மஞ்சள் ஜோடி, இரண்டாயிரத்து நானூறு ராண்ட்.
ரிலே தனி. தள்ளுபடி கேட்டேன், சிரித்தார்.
பொருத்துவது வியாழக்கிழமை.

விளக்கும் இல்லை, கம்பியும் இல்லை.
பட்டப்பகல்.
வீடு போகிற வழியெல்லாம்
எதிரே வருகிறவர்களுக்காக
என் கட்டைவிரல்
அந்தச் சாக்குக் குறியைத் தொட்டுத் தொட்டு
அணைத்துக்கொண்டே வருகிறது.