பின்னால் வெள்ளை

மக்கெய்சர் மைதானத்தில் மூன்றாம் நாள்.
கயிற்றில் நடப்பவளைக் கீழிருந்து எடுத்தேன்,
கத்தி வீசுபவனைப் பல் துலக்குகையில்,
குதிரைக்குப் போட்ட புல்லை
ஊர் மான்கள் வந்து தின்கையில்.

பதினொரு ரோல்.
கழுவிக்கொண்டு போய்க் காட்டினேன்.
எமில்டா ஒன்றையும் பார்க்கவில்லை.
"அடையாள அட்டைக்கு ஒண்டு எடுத்துத் தாறியளோ?
காது ரெண்டும் தெரியோணும்.
பின்னால வெள்ளை."

கூடாரம் முழுக்கக் கோடுகள்.
போர்வையெல்லாம் பூ.
கடைசியில்
குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினோம்.

அதன் விலாவுக்கு முன்னால்
சிரிக்காமல் நின்றாள்,
பதினாறு வருடம் அந்தரத்தில் சிரித்தவள்.
கொட்டியாரக் குடாக் காற்று
முடியை விடவில்லை;
எச்சில் தொட்டுப் படியவைத்தாள்.

படிவத்தில் விலாசம் இன்னும் வெறுமை.
எந்த வீதி, எத்தனையாம் இலக்கம் என்று
விதானை கேட்பார்.
"லொறி நம்பரைப் போடட்டோ?"
பகிடியில்லை, பேனையைத் திறந்துவிட்டாள்.

இரவு, இருட்டறையில்
பெரிதாக்கிப் பார்க்கிறேன்:
தோளுக்குப் பின்னால் ஓர் ஈ,
அதைக் கலைக்கச் சிலிர்த்த தோல்.

ஈயைத் தூரிகையால் அழித்தேன்.
சிலிர்ப்பு கிடக்கட்டும்,
கந்தோரில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்
அது சுவரில்லை என்று.